ஓப்பன் சோர்ஸ் வாலட்னு போட்டிருந்தா போதுமா? ஃபோன்ல இருக்குற ஏபிகேயும் வெளியிட்ட கோடும் ஒண்ணுதானான்னு பாக்குறது

கேள்வி, தேவகோட்டை வாசகர், 8 ஜூன் 2025

ஆச்சி, எங்க அம்மான் மகன் சிங்கப்பூர்ல இருக்கான். அவன் சொல்லித்தான் ஃபோன்ல ஒரு பிட்காயின் வாலட் போட்டேன். கோட் முழுசும் கிட்ஹப்ங்கிற தளத்துல கிடக்கு, யார் வேணாலும் பாக்கலாம், அதனால திருட்டுக்கு வழியே இல்லைங்கிறான். கோட் வெளிய இருந்தா நம்பலாம்தானே? ஒரு வரியில சொன்னாப் போதும்.

8 ஜூன், இரவு

அதை மட்டும் வச்சு நம்ப முடியாது தம்பி.

கிட்ஹப்ல கிடக்குறது ஒரு சாமான், ப்ளே ஸ்டோர் வழியா உங்க ஃபோனுக்கு வந்தது இன்னொரு சாமான். ரெண்டும் ஒண்ணுன்னு சொல்றது அந்த ஆப்பை எழுதினவரோட வாய்வார்த்தை மட்டும்தான். யாராவது அதே கோடை எடுத்துத் தானே பில்டு பண்ணி, அதாவது கோடை ஓடுற ஆப்பாக் கட்டி, ஸ்டோர்ல வந்ததோட ஒப்பிட்டுப் பாத்தாங்களான்னு உங்க அம்மான் மகன்கிட்டக் கேளுங்க.

9 ஜூன்

எப்படி ஒப்பிடுறதுன்னு ரெண்டு மூணு பேர் கேட்டிருக்கீங்க.

ஏபிகேங்கிறது ஆண்ட்ராய்டு ஆப் ஃபோனுக்கு வந்து இறங்குற ஃபைல். பிரிச்சா ஒரு ஜிப் ஃபைல், அவ்வளவுதான். கோட் எல்லாம் கிளாசஸ் டாட் டெக்ஸ்னு உருமாறி உள்ள கிடக்கும். திரையில வர்ற எழுத்து, நிறம் எல்லாம் ரிசோர்சஸ் ஃபைல்ல. சி மொழியில எழுதின துண்டுகள் லிப் ஃபோல்டர்ல. ஃபோனைக் கம்ப்யூட்டர்ல மாட்டி, ஏடிபிங்கிற கருவி வழியா ஆப் எங்க கிடக்குன்னு கேட்டு, அந்த ஃபைலை வெளிய இழுக்கணும். பதிப்பு எண்ணைப் பாத்து கிட்ஹப்ல அதே டேக்கை, அதாவது அந்தப் பதிப்புன்னு அடையாளம் போட்ட கோடை, எடுக்கணும். அவங்க எந்த ஜேடிகே, எந்த எஸ்டிகே, எந்த என்டிகேன்னு எந்தெந்த பில்டு கருவி வச்சுக் கட்டினாங்களோ அதே பதிப்பு நம்மகிட்டயும் இருக்கணும். அந்தக் கருவிகளை அப்படியே அமைச்சுத் தர்ற டாக்கர் ஃபைல் கொடுத்திருந்தா பாதி வேலை மிச்சம். பில்டு முடிஞ்சதும் ரெண்டு ஏபிகேயையும் பைட் பைட்டா ஒப்பிடணும். டெபியன்ங்கிற லினக்ஸ் ஆளுங்க இதுக்குன்னே டிஃபாஸ்கோப்னு ஒரு கருவி செஞ்சிருக்காங்க. எந்த ஃபைல்ல எந்த இடத்துல வித்தியாசம்னு அது பிரிச்சுக் காட்டும்.

வித்தியாசமா இருக்க அனுமதி ஒண்ணே ஒண்ணுக்குத்தான், கையொப்பத்துக்கு. எழுதினவரோட ரகசியச் சாவி நம்மகிட்ட இருக்காது, இருக்கவும் கூடாது. அதனால மெட்டா-இன்ஃப் ஃபோல்டர்ல இருக்குற கையொப்ப ஃபைல்களும், ஆண்ட்ராய்டு 7ல இருந்து வந்த கையொப்ப பிளாக்கும் ஒத்துவராது. அதுக்கு வெளிய ஒரு பைட் மாறியிருந்தாலும் ஏன்னு பதில் சொல்லியாகணும்.

பதில் கிடைக்கலேன்னா திருட்டுன்னு அர்த்தமா? இல்லை. இன்னும் தெரியலைன்னு அர்த்தம்.

9 ஜூன், சாயங்காலம்

"இதுக்குப் பேசாமத் தங்கம் வாங்கலாமே" — வாங்குங்க, யார் வேண்டாம்னா?

வரி பத்திக் கேட்டவருக்கு: 2022 ஏப்ரல்ல இருந்து கிரிப்டோ லாபத்துல 30 சதவீதம், அதே வருஷம் ஜூலையில இருந்து 1 சதவீதம் டிடிஎஸ். இதுக்கு மேல இங்க வேண்டாம், ஆடிட்டர்கிட்டப் போங்க.

12 ஜூன்

என் அனுபவத்தையும் சொல்லிடுறேன். பள்ளத்தூர்ல உக்காந்துக்கிட்டு இதைப் பண்ற கதை.

எங்க அண்ணன் ஃபோன்ல இருந்த வாலட்டைத்தான் முதல்ல எடுத்தேன். பேர் சொல்லலை. நல்ல ஆளுங்க, கேட்டா பதில் போடுவாங்க. 8 ஜிபி லேப்டாப்ல பில்டு பண்ற கிரேடில் ஓட ஆரம்பிச்சாலே ஃபேன் சத்தம் பட்டாலை வரைக்கும் கேக்கும். பாதி பில்டுல மெமரி போதலைன்னு நின்னுடும். திரும்ப ஓட்டினா, மாசாந்திர மின்தடைன்னு கரண்ட் போகும். பேட்டரி இருக்கேங்கலாம், மோடத்துக்கு யார் பேட்டரி வச்சா? டாக்கர் இமேஜ் பாதி இறங்கினதோட நிக்கும்.

ஒருவழியா முடிச்சு ஒப்பிட்டா, டெக்ஸ் ஃபைல் ஒத்துவரலை. மனசு பக்குனுச்சு. டிஃபாஸ்கோப் காட்டினதைப் பாத்தா ஒரே ஒரு வரி: பில்டு பண்ணின தேதியும் நேரமும் கோடுக்குள்ளயே பதியுற மாதிரி எழுதி வச்சிருந்தாங்க. அவங்க நேரம் யுடிசி, என் லேப்டாப் இந்திய நேரம். நேரத்தை அவங்களோடதா மாத்திப் போட்டுக் கட்டினா அந்த வரி சரியாயிடுச்சு. டெக்ஸ் ஃபைலோட தலைப்புல செக்சம் ஒண்ணும் ஷா-1 ஒண்ணும் இருக்கும், உள்ள இருக்குறதை வச்சுப் போட்ட சரிபார்ப்பு எண்கள். உள்ள ஒரு எழுத்து மாறினா அதுகளும் மாறும். அதனாலதான் ஒரு வரி வித்தியாசம் ஏதோ பெருசு மாதிரித் தெரிஞ்சுது.

இன்னொரு வேடிக்கை. ஏபிகேயை விரிச்சா உள்ள இருக்குற ஃபைல் எல்லாத்துக்கும் 1981 ஜனவரி 1னு தேதி இருக்கும். பழைய கோடுன்னு யாரும் பதற வேண்டாம். எங்க எப்பக் கட்டினாலும் ஒரே ஜிப் வரணும்னு ஆண்ட்ராய்டு பில்டு கருவியே அந்தத் தேதியைப் போட்டு வைக்குது.

13 ஜூன்

வழக்கமா எங்கெல்லாம் மாட்டும்னு கேட்டதுக்கு: பில்டு நேரம், ஃபைல்கள் அடுக்குற வரிசை, கோட் இருந்த ஃபோல்டரோட முழுப் பாதை, என்டிகே பதிப்பு, கிராஷ் ரிப்போர்ட் அனுப்புற லைப்ரரி ஒவ்வொரு பில்டுக்கும் புதுசாப் போடுற அடையாள எண். கடைசியில சொன்னது ரொம்பத் தொல்லை. எழுதினவங்க நினைச்சா ஒரே வரியில அணைச்சுடலாம். கேட்டுப் பாருங்க, பாதிப் பேர் செய்வாங்க.

17 ஜூன்

சிங்கப்பூர் அம்மான் மகனே வந்து எழுதியிருக்கார். வாங்க. "நான் ஐஃபோன் வச்சிருக்கேன், ஆப்பிள்காரன் பாத்துக்குவான்" என்கிறார்.

ஐஃபோன்ல நிலைமை இன்னும் கஷ்டம். ஆப் ஸ்டோர்ல இருந்து வர்ற ஆப்பை ஃபேர்ப்ளேன்னு ஒரு பூட்டுப் போட்டுத்தான் தருவாங்க. பூட்டைத் திறக்காம ஒப்பிட முடியாது. டெலிகிராம் ஐஃபோனுக்கும் வழி சொல்லியிருக்கு, ஆனா அதுக்கு ஜெயில்பிரேக் பண்ணின, அதாவது ஆப்பிளோட கட்டுப்பாட்டை உடைச்ச, ஃபோன் வேணும். ஆண்ட்ராய்டுல சிக்னல்ங்கிற மெசேஜ் ஆப் 2016லயே இதைச் செஞ்சு காட்டி, ஒப்பிடுறதுக்குச் சின்ன பைத்தான் நிரலும் கூடவே கொடுத்துச்சு. அப்ப முடியாத வேலை இல்லை. பணம் புழங்குற ஆப்புகள்தான் இன்னும் பின்னாடி நிக்குதுங்கிறது எனக்கு எரிச்சல்.

ஆப்பிள் பாக்குறது ஆப் ஒழுங்கா நடந்துக்குதான்னு. வெளியிட்ட கோடுல இருந்துதான் கட்டினாங்களான்னு பாக்குறது அவங்க வேலையில்லை.

18 ஜூன்

"யாருமே பண்ணாத விஷயத்துக்கு ஏன் இவ்வளவு பயம்" — பண்ணியிருக்காங்க ஐயா.

2022 ஆகஸ்ட்டுல சொலானாங்கிற கிரிப்டோ பக்கம் ஸ்லோப்னு ஒரு வாலட். வாலட்டைத் திறக்குற ரகசியமான பயனரோட 12 வார்த்தை அந்த ஆப்ல இருந்து பிழைப் பதிவு வாங்குற சர்வருக்கு அப்படியே படிக்கிற மாதிரிப் போய்க்கிட்டு இருந்திருக்கு. ஆயிரக்கணக்கான வாலட் காலியான பிறகுதான் விஷயம் வெளிய வந்துச்சு. அந்தக் கோட் வெளியிலயே இல்லை. வெளிய இருந்து, ஏபிகேயோட ஒத்தும் பாத்திருந்தா, சர்வருக்கு அனுப்புற வரி யாராவது ஒருத்தர் கண்ணுல பட்டிருக்க வாய்ப்பு உண்டு. வாய்ப்புன்னுதான் சொல்றேன்.

22 ஜூன்

மேல எழுதினதை அப்பச்சிகிட்ட வாசிச்சுக் காட்டினேன். ஆப்பு கீப்பு எல்லாம் அவருக்குத் தெரியாது. "ஐந்தொகை போட்டுப் பாக்குறதை இவ்வளவு நீட்டிச் சொல்றியா"ன்னார்.

ஐந்தொகைன்னா கடையோட வரவு செலவு, இருப்பு எல்லாம் சேத்துக் கட்டுற கணக்கு. அவரோட ஐயாவுக்கு பர்மாவுல ரங்கூன்ல கடை. கடையை நடத்துனது சம்பளத்துக்குப் போன ஏஜென்ட். அங்க எழுதுற கணக்கோட நகல் தபால்ல இங்க வரும். ஏஜென்ட் கடைசியில போட்டு அனுப்புற தொகையை மட்டும் பாத்துட்டு வைக்க மாட்டாங்களாம். குறிப்புல இருந்து திரும்ப எடுத்து, இங்கேயே புதுசா ஐந்தொகை கட்டி, ரெண்டும் ஒத்துவருதான்னு பாப்பாங்களாம். ஏஜென்ட் மேல சந்தேகமான்னு கேட்டேன். "சந்தேகம் இருந்தா அனுப்பியிருக்கவே மாட்டாங்க. பாப்பாங்கன்னு அவனுக்குத் தெரியணும், அவ்வளவுதான்."

இந்த இழையில நான் சொல்ல நினைச்சது அவர் சொன்ன கடைசி வரிதான். ஒத்துப் பாக்குறது எழுதினவரைக் கள்ளன்னு சொல்றதுக்கு இல்லை. அவர் நல்லவராவே இருக்கட்டும். நாளைக்கு அவர் லேப்டாப்பை எவனாவது பிடிச்சா, அவரை மிரட்டினா, அவருக்கே தெரியாம பில்டு சர்வர்ல எதையாவது நுழைச்சா, அது மறைஞ்சு இருக்க முடியாது. உலகத்துல ஒரே ஒருத்தர் ஒத்துப் பாத்தாலும் போதும், எல்லாருக்கும் சேர்த்துக் கத்திடலாம்.

23 ஜூன்

"ஐந்தொகை எல்லாம் சரியா இருந்துமே பர்மாவுல எல்லாம் போச்சே ஆச்சி" — காரைக்குடியில இருந்து ஒருத்தர். நல்ல குத்து.

போச்சுதான். 1930கள்ல நெல் விலை விழுந்தப்ப, கொடுத்திருந்த கடனுக்கு ஈடா நிலமாக் கைக்கு வந்துச்சு. 1942ல ஜப்பான்காரன் வந்தான், நடந்தே ஊர் வந்து சேந்தவங்க எத்தனையோ பேர். கணக்குல பொய் இல்லை. கணக்கு காட்டாத இடத்துல அடி விழுந்துச்சு. அந்த மாதிரி அடி வாலட்டுக்கும் விழுந்திருக்கு. நாளைக்கு எழுதுறேன், வீட்டுல வெள்ளைப் பணியாரத்துக்கு மாவு ஆட்டணும்.

25 ஜூன்

நாளைக்குன்னு சொல்லி ஒரு நாள் தள்ளிப் போச்சு. ஒத்துவந்தும் உதவாத கதைகள்.

முதல்ல கோபே. 2018ல நடந்தது. அந்த வாலட் ஓப்பன் சோர்ஸ். அது நம்பியிருந்த ஒரு லைப்ரரியைப் பராமரிக்கிறேன்னு புதுசா ஒருத்தர் வந்து, அதுக்கு அடியில இன்னொரு குட்டி லைப்ரரியைச் சேத்தார். அந்தக் குட்டிக்கு கிட்ஹப்ல காட்டின கோட் ஒண்ணு, என்பிஎம்ங்கிற லைப்ரரிக் கிடங்குல ஏத்தின பொட்டலம் ஒண்ணு. பொட்டலத்துல மட்டும் திருட்டுக் கோட், அதுவும் பூட்டுப் போட்டு. அந்தப் பூட்டுக்குச் சாவி கோபே ஆப்போட விளக்க வரி! அதனால வேற எந்த ஆப்ல போனாலும் அது திறக்கவே திறக்காது. 100 பிட்காயினுக்கு மேல வச்சிருந்தவங்களைத்தான் குறி வச்சுச்சு.

இப்ப யோசிங்க. அன்னைக்கு நான் கோபேயை எடுத்து பில்டு பண்ணியிருந்தா என்ன ஆகியிருக்கும்? என் கம்ப்யூட்டரும் அதே என்பிஎம் பொட்டலத்தைத்தான் இறக்கியிருக்கும். பைட்டுக்கு பைட் ஒத்துவந்திருக்கும். நானும் "சரி"ன்னு எழுதிட்டுத் தூங்கப் போயிருப்பேன்.

2024 மார்ச்சுல எக்ஸ்இசட்ல கள்ளத்தனமாப் பின்வாசல் வச்ச விவகாரம் வெளிய வந்தப்பவும் இதே கதைதான். வெளியீட்டுப் பொட்டலத்துல இருந்த ஒரு ஃபைல் கிட் களஞ்சியத்துல இல்லை. அது வாலட் இல்லை, லினக்ஸ் பூராவும் இருக்குற சுருக்கும் கருவி. ஒப்பிடுறதை மேல் மாடியில மட்டும் பண்ணினாப் பத்தாது, அடியில இருக்குற ஒவ்வொரு பொட்டலத்துக்கும் பண்ணணும். யார் பண்றது? பெரும்பாலும் யாரும் இல்லை.

இன்னொரு வகையும் இருக்கு. கோட் திறந்து கிடக்கு, திருட்டு எண்ணமும் இல்லை, ஆனா கோடே ஓட்டை. லிப்பிட்காயின்ங்கிற பிட்காயின் நிரல் தொகுப்புல சீட், அதாவது வாலட்டோட மூல ரகசியத்தை, உருவாக்குற கட்டளை வெறும் 32 பிட் அளவுக்குத்தான் தற்செயல் எண் எடுத்துச்சு. மொத்தமே 429 கோடி சொச்சம் வாய்ப்பு, கம்ப்யூட்டருக்கு அது ஒரு வேலையே இல்லை. 2023ல அதை வச்சுப் பணத்தை உருவினாங்க. 2013ல ஆண்ட்ராய்டோட தற்செயல் எண் உருவாக்கியிலயே கோளாறுன்னு எல்லா ஆண்ட்ராய்டு வாலட்டையும் மாத்தச் சொன்னாங்களே, ஞாபகம் இருக்கா? அதுல ஆப் கோடை எத்தனை தடவை ஒப்பிட்டாலும் ஒண்ணும் தெரிஞ்சிருக்காது, கோளாறு அடியில இருந்த ஆண்ட்ராய்டுல.

25 ஜூன், பின்னிரவு

மேல உள்ளதைப் படிச்சுட்டு "அப்ப எதுக்கு இந்த வேலை"ன்னு மூணு பேர் கேட்டாச்சு. ஒப்பிட்டுப் பாத்தா ரெண்டும் ஒண்ணுன்னு தெரியும். நல்லதுன்னு தெரியாது. ஆனா ரெண்டும் ஒண்ணுன்னு தெரியாத வரைக்கும் கோடைப் படிக்கிறதே வீண். நீங்க படிக்கிறது ஒண்ணு, ஓடுறது ஒண்ணு.

30 ஜூன்

காயின் வாங்கி விக்கிற எக்ஸ்சேஞ்ச் ஆப்பை இப்படிப் பாக்கலாமான்னு கேட்டவருக்கு: பாத்துப் பிரயோஜனம் இல்லை. பணத்தைத் திறக்குற சாவி அவங்க கையில. 2024 ஜூலையில வசீர்எக்ஸ்ல 23 கோடி டாலர் போனப்ப யார் ஃபோன்லயும் ஆப் மாறலை.

2025 பிப்ரவரியில பைபிட்ங்கிற எக்ஸ்சேஞ்ச்ல 150 கோடி டாலர் போனது இன்னும் பாடம். அங்க பணத்தை அனுப்பக் கையெழுத்துப் போடுறவங்க பாத்த திரை சேஃப்னு ஒரு வாலட்டோடது. அதோட கோட் கிட்ஹப்ல நல்லாத்தான் இருந்துச்சு. சர்வர்ல இருந்து பிரவுசருக்கு வந்த ஜாவாஸ்கிரிப்டைத்தான் மாத்திட்டாங்க, அதுவும் பைபிட்டுக்கு மட்டும் வேலை செய்யுற மாதிரி.

இதுல இருந்து மொபைல் வாலட்டுக்கு ஒரு கேள்வி வருது. நாம ஒப்பிடுறது ஏபிகேயை. அந்த ஏபிகே ஓட ஆரம்பிச்ச பிறகு சர்வர்ல இருந்து புதுக் கோடை இறக்கிப் போட்டுக்கிட்டா? ரியாக்ட் நேட்டிவ்ங்கிற கருவியில எழுதின ஆப்புகளுக்கு ஸ்டோர் பக்கமே போகாம அப்டேட் தள்ளுற வசதி உண்டு. வாலட்ல அந்த வசதி இருந்தா ஒப்பிட்டது அத்தனையும் தண்ணியில எழுதினது. ஒப்பிட உக்கார்றதுக்கு முன்னாடி இதைத்தான் இப்பெல்லாம் முதல்ல தேடுறேன்.

6 ஜூலை

"ப்ளே ஸ்டோர்ல இப்ப முழு ஏபிகே தர்றதே இல்லை, துண்டு துண்டாத் தர்றாங்க, அதனால ஒப்பிடவே முடியாது"ன்னு ஒருத்தர் அடிச்சு எழுதியிருக்கார். பாதி சரி.

2021 ஆகஸ்ட்டுக்குப் பிறகு புது ஆப்புகளை ஏபிகேயா இல்லாம, எல்லாத் துண்டும் சேர்ந்த பண்டிலாத்தான் ஏத்தணும். கூகுள் அதுல இருந்து உங்க ஃபோனுக்கு ஏத்த மாதிரித் துண்டு போட்டு, தன்கிட்ட இருக்குற சாவியால கையொப்பம் போட்டுத் தரும். அடிப்படை ஏபிகே ஒண்ணு, உங்க சிப்புக்கு ஒண்ணு, திரைக்கு ஒண்ணு, மொழிக்கு ஒண்ணு. ஃபோன் மொழியைத் தமிழ்ல வச்சிருந்தா தமிழ்த் துண்டும் வரும். ஆனா பண்டில்டூல்னு கூகுளே கொடுக்குற கருவியில உங்க ஃபோன் விவரத்தைக் கொடுத்தா அதே துண்டுகளை நாமளும் வெட்டிக்கலாம். ஒவ்வொண்ணா ஒப்பிடணும், அலுப்புத்தான்.

கையொப்பத்துக்கு மட்டும்தான் அனுமதின்னு 9ஆம் தேதி சொன்னதோட இதையும் சேத்துக்குங்க: ப்ளே வழியா வந்ததுல ஸ்டாம்ப்னு ஆரம்பிக்கிற ஒரு சின்ன ஃபைலும், ஆப்போட விவரம் இருக்குற மேனிஃபெஸ்ட் ஃபைல்ல கூகுள் சொருகுற சில வரிகளும் கூடுதலா இருக்கும். அது தெரிஞ்ச சரக்கு.

சாவி கூகுள்கிட்ட இருக்குங்கிறதுதான் எனக்கு உறுத்துது. எனக்கு ஒரு ஏபிகே, உங்களுக்கு வேற ஏபிகேன்னு கொடுக்கணும்னா தொழில்நுட்பமா முடியும். கொடுக்குறாங்கன்னு சொல்லலை. அதனால நான் என் ஃபோன்ல இருந்து எடுத்துப் பாத்தது உங்க ஃபோனுக்குச் செல்லும்னு கண்ணை மூடிக்கிட்டு எடுத்துக்காதீங்க.

7 ஜூலை

அப்ப பில்டு பண்ணத் தெரியாதவங்க என்ன பண்றது? நியாயமான கேள்வி. தேவகோட்டைத் தம்பி ஆரம்பத்துல கேட்டதும் கிட்டத்தட்ட இதான்.

கிட்ஹப் வெளியீட்டுப் பக்கத்துல முழு ஏபிகே போடுறாங்களான்னு பாருங்க. அது எல்லாருக்கும் ஒரே ஃபைல், ஒரே ஹேஷ் (ஃபைலோட கைரேகை மாதிரி ஒரு எண்). ஒருத்தர் ஒத்துப் பாத்தது அடுத்தவருக்கும் செல்லும். எஃப்-ட்ராய்ட்ங்கிற ஓப்பன் சோர்ஸ் ஆப் ஸ்டோர்ல சில ஆப்புகளுக்கு அவங்களே கோடுல இருந்து கட்டிப் பாத்து, ஒத்துவந்தா மட்டும் எழுதினவரோட கையொப்பத்தோட வெளியிடுறாங்க. கிடைச்சா அதுதான் சோம்பேறிக்கு உத்தமம், நானும் அந்தக் கட்சி. வாலட்ஸ்க்ரூட்டினின்னு ஒரு தளம் இதையே வேலையாப் பண்ணுது. எந்த வாலட் ஒத்துவந்துச்சு, எது வரலை, எதுக்குக் கோடே வெளிய இல்லைன்னு பிரிச்சு வச்சிருக்கும். ஆனா எந்தப் பதிப்பைப் பாத்தாங்கன்னு எண்ணைப் பாருங்க. உங்க ஃபோன்ல இருக்குறது அதுக்குப் பிந்தினதா இருந்தா அந்தத் தீர்ப்பு உங்களுக்கு இல்லை.

தானா அப்டேட் ஆகுறதை வாலட்டுக்கு மட்டும் நிறுத்தி வைங்க. பாதுகாப்பு அப்டேட் தவறிடுமேன்னு சண்டைக்கு வருவீங்க. தவறும்தான், நாள் தள்ளிப் போகும். எனக்கு அது பரவாயில்லை, உங்களுக்கு எப்படியோ.

முதல்ல எவ்வளவு பணம் ஃபோன்ல வச்சிருக்கீங்கன்னு பாருங்க. தொலைஞ்சா வீட்டுல சண்டை வர்ற அளவுத் தொகைன்னா அது ஃபோன்ல இருக்கவே கூடாது, கோட் ஒத்துவந்தாலும் சரி, வராட்டியும் சரி.

15 ஜூலை

கோடை ஆப்பா மாத்துற கம்பைலரையே நம்ப முடியாதே, அதைப் பாத்தியான்னு அழகப்பாவுல படிக்கிற பையன் ஒருத்தன். 1984ல கென் தாம்சன் கேட்ட கேள்விதான் இது: கோடுல இல்லாத கள்ளத்தனத்தைக் கம்பைலரே நுழைச்சா, அந்தக் கம்பைலரோட கோடுலயும் அது தெரியாம இருந்தா? நான் பாக்கலை தம்பி. பிட்காயினோட மூல மென்பொருளான பிட்காயின் கோரை எழுதுறவங்க 2021ல கீக்ஸ்ங்கிற பில்டு முறைக்குப் போனது இதை முடிஞ்ச வரைக்கும் அடியில இருந்து சரிபண்ணத்தான். கம்பைலரையும் ரொம்பச் சின்ன விதையில இருந்து படிப்படியாக் கட்டிக்கிட்டு வருவாங்க, பல பேர் தனித்தனியாக் கட்டி ஹேஷைக் கையொப்பம் போட்டு வெளியிடுவாங்க. ஆண்ட்ராய்டு ஆப்புக்கு அந்த அளவுக்குப் போறவங்களை நான் பாக்கலை. நீ படிச்சு முடிச்சுட்டுப் பண்ணு, நான் முகப்புல உக்காந்து காப்பி போட்டுத் தர்றேன்.

28 ஜூலை

தேவகோட்டைத் தம்பி அவர் ஃபோன்ல இருக்குற வாலட் பேரையும் ஏபிகேயோட ஹேஷையும் எனக்குத் தனியா அனுப்பியிருந்தார். கிட்ஹப்ல இருந்து இறக்கின முழு ஏபிகேதான், நல்லவேளை. கட்டிப் பாத்தேன். கையொப்பம் போக, லிப் ஃபோல்டர்ல ஒரே ஒரு சோ ஃபைல்ல வித்தியாசம். பிரிச்சுப் பாத்தா உள்ள அவங்க கம்ப்யூட்டரோட ஃபோல்டர் பாதை பதிஞ்சிருக்கு. அதே பாதையில வச்சுக் கட்டினதும் ஒத்துப்போச்சு. கிட்ஹப்ல குறை சொல்ற அவங்க இஷ்யூ பக்கத்துல எழுதிப் போட்டிருக்கேன், அடுத்த பதிப்புல சரிபண்றோம்னு பதில் வந்திருக்கு.

அந்த அடுத்த பதிப்பு நேத்து ஸ்டோர்ல வந்தாச்சு. கிட்ஹப்ல டேக் இன்னும் போடலை. டேக் வர்ற வரைக்கும் எதோட ஒப்பிடுறது? அப்டேட் பண்ணாதீங்க தம்பி, டேக் வந்ததும் கட்டிப் பாத்து இங்கயே எழுதுறேன்.